இரவில் தாங்கியின் நீர்மட்டம் தானாக இறங்குகிறது: உணரியின் பிழையா, கசிவா?

கொக்குவில் வளவு எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து அரைக் குதிரைவலு மோட்டர் மூலம் 1000 லீற்றர் மேல்தாங்கிக்கு நீர் ஏற்றுகிறோம். சித்திரை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் பெறாமகன், தாங்கியின் மூடியில் மீயொலி உணரியொன்றைப் பொருத்தி, ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, மோட்டரின் மின்னை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஆகியவற்றின் உதவியோடு மோட்டரைத் தானியங்கியாக்கிவிட்டுப் போனார். நீர்மட்டம் 50 சென்ரிமீற்றருக்குக் கீழே இறங்கினால் மோட்டர் ஓடத் தொடங்கும், 95இல் நின்றுவிடும். மூன்று மாதங்கள் எந்தக் குறையும் இருக்கவில்லை.

கடந்த இரண்டு வாரங்களாக, வீட்டில் எல்லோரும் உறங்கிய பின்னரும் மோட்டர் இரவில் மூன்று தடவை ஓடுகிறது. செயலியின் வரைபடத்தில் இரவு பதினொரு மணிக்கு 95இல் நிற்கும் மட்டம் சீராகச் சரிந்து, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் 50ஐத் தொடுகிறது, உடனே மோட்டர் நிரப்புகிறது, மீண்டும் சரிகிறது. வளவில் எங்கும் ஈரம் இல்லை. ரொறன்ரோவில் அப்போது பிற்பகல் என்பதால், பெறாமகன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எங்களை எழுப்பிக் கேட்கிறார். இது உணரியின் பிழையா, உண்மையிலேயே நீர் போகிறதா என்பதை எப்படி அறிவது?

இன்னொன்று: கிணற்று நீரின் டீடீஎஸ் அளவு (நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு) ஆனியில் 620 ஆக இருந்தது, இப்போது 780 காட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கோண்டாவில் மின்வினைஞர் எழுதியது:

ஐயா, உணரியைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மீயொலி உணரி ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டே தூரத்தைக் கணிக்கிறது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை மாறினால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் மாறும். பகலில் 32 பாகையும் விடியற்காலையில் 26 பாகையும் என்று வைத்துக்கொண்டாலும் வேறுபாடு நூற்றுக்கு ஒன்றளவுதான். உங்கள் தாங்கியில் அது ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாது. 45 சென்ரிமீற்றர் இறக்கத்துக்கு அது காரணமாகாது. உணரியின் முகத்தில் நீர்த்துளி படிந்தால் அளவு தாறுமாறாகத் துள்ளுமே தவிர இப்படிச் சீராகச் சரியாது.

மேலும் 50ஐத் தொட்டதும் ஓடும் மோட்டர் 95 வரை நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கால் மணி நேரமளவு எடுத்தால் தாங்கி உண்மையிலேயே பாதி வெறுமையாகியிருக்கிறது என்று பொருள். என் ஐயம் மலசலகூடத்து நீர்த்தொட்டியான சிஸ்ரேனில்தான். அதன் நீரில் சமையலுக்குப் பயன்படுத்தும் நிறமூட்டியைச் சில துளிகள் விட்டு, அரை மணி நேரம் யாரும் நீர் ஊற்றாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அங்கேதான் கசிவு.

கொக்குவில் வளவு எழுதியது:

நன்றி தம்பி. நிரப்புவதற்குப் பதினான்கு நிமிடங்கள் எடுக்கிறது. ஆகவே நீர் உண்மையாகவே போகிறது. இரண்டு மலசலகூடங்களிலும் மஞ்சள் நிறமிட்டுப் பார்த்தேன். கோப்பையில் நிறம் இறங்கவில்லை.

குழாய்க் கணக்கன் எழுதியது:

நகர நீர் வழங்கலில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒரு சோதனையைச் சொல்கிறேன். நகரங்களில் விநியோக வலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் நுழைவாயிலிலும் ஒரு மானியை வைத்து, அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஓடும் நீரைக் கவனிப்பார்கள். ஊர் உறங்கும் அந்த நேரத்தில் பயன்பாடு மிகக் குறைவு; அப்போதும் தொடர்ந்து ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவே. உங்கள் பெறாமகனின் கருவி ஒரு வீட்டளவில் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. இனி நகரத்தில் செய்வதுபோலவே வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்து, நீர் போகும் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்றிரவு தானியங்கியை நிறுத்திவிட்டு, தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயின் கேற் வால்வை முழுமையாக அடையுங்கள். மட்டம் நின்றால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. அப்படியும் இறங்கினால் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் எனக்கு முக்கியம். நீர் ஏற்றும் குழாய் தாங்கிக்குள் எங்கே முடிகிறது என்பதையும் மூடியைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

கொக்குவில் வளவு எழுதியது:

கேற் வால்வை அடைத்த பின்னரும் மட்டம் இறங்கியது. 45 சென்ரிமீற்றரில் நின்று, விடியும்வரை அசையவில்லை. நீர் ஏற்றும் குழாய் மேல் விளிம்பின் வழியாக உள்ளே வந்து, எல்போவில் திரும்பிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அளவுகோலால் அளந்தேன்: குழாயின் வாய் அடித்தளத்திலிருந்து சரியாக 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீர் விழும்போது எழும் அலையால் உணரி தடுமாறுகிறது என்று பெறாமகன்தான் அந்தத் துண்டைச் சேர்த்து நீட்டினார்.

காலையில் இன்னொரு சங்கடம். மோட்டரைப் போட்டால் நீர் ஏறவில்லை, காற்றுப் பிடித்திருந்தது. வாளியால் நீர் ஊற்றித்தான் ஓட வைத்தேன்.

குழாய்க் கணக்கன் எழுதியது:

விடை கிடைத்துவிட்டது, ஐயா. உங்கள் நீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது.

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிநுனியில், நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் புட் வால்வு சரியாக மூடவில்லை. மோட்டர் நின்றதும், குழாயில் இருக்கும் நீர் கிணற்றை நோக்கி வழுகுகிறது. குழாயின் வாய் தாங்கியின் நீருக்குள் மூழ்கியிருப்பதால் காற்று உள்ளே புக வழியில்லை. எனவே சைபன் உருவாகி, அதாவது நீர் நிறைந்த குழாய் மோட்டர் ஓடாமலே விளிம்பைத் தாண்டித் தாழ்ந்த பக்கத்துக்கு நீரை இழுத்து, தாங்கியின் நீரையே கொண்டு போகிறது. வாய் வெளிப்படும் 45இல்தான் சைபன் அறும். வழமையாக 50இலேயே மோட்டர் ஓடிவிடுவதால் அந்த நிலை இதுவரை வரவில்லை. குழாயில் எப்போதும் நீர் நின்றதால் மோட்டரும் காற்றுப் பிடிக்கவில்லை. வால்வு பழுதடைந்ததை உங்கள் தானியங்கி இரண்டு வாரங்களாக மறைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே நீட்டிய துண்டை மட்டும் வெட்டிவிட்டுத் தானியங்கியை இயக்காதீர்கள். சைபன் நிற்கும், ஆனால் குழாய் வற்றி மோட்டர் வெறுமையாக ஓடிச் சூடேறும், நீர்மட்டம் உயராததால் ரிலேயும் அதை நிறுத்தாது. முதலில் புட் வால்வைத் திருத்துங்கள், பிறகு குழாயை வெட்டுங்கள்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரும் கொள்ளளவுடையது. குழாய் நீர் உங்கள் வீதிக்கும் வரும்போது அதையும் இதே தாங்கியில் விட நினைப்பீர்கள். அந்தக் குழாயின் வாய் ஒருபோதும் நீருக்குள் மூழ்கக் கூடாது. பிரதான குழாயில் அழுத்தம் விழும் நேரத்தில் இதே சைபன் உங்கள் கிணற்று நீரை ஊர்க் குழாய்க்குள் இழுத்துவிடும். வாய்க்கும் நீருக்கும் இடையில் காற்றிடைவெளி விடுவதற்குக் காரணம் இதுவே.

கோண்டாவில் மின்வினைஞர் எழுதியது:

என் ஊகம் பிழைத்துவிட்டது, ஏற்றுக்கொள்கிறேன். அலைத் தடுமாற்றத்துக்குக் குழாயை நீட்டத் தேவையில்லை. ஒரு வாசிப்பை நம்பாமல் பதினைந்து வாசிப்புகளை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை மட்டும் கொள்ளும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். அதோடு, மோட்டர் ஓடத் தொடங்கி மூன்று நிமிடங்களுக்குள் மட்டம் உயராவிட்டால் தானாக நிறுத்தி எச்சரிக்கும் வரிகளையும் அவர் சேர்க்கட்டும்.

டீடீஎஸ் உயர்வு இதனோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. எடுத்த நீர்தான் திரும்பிப் போயிருக்கிறது. நமது சுண்ணக்கற் படுகையில் நன்னீர் உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீரின் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால் அடியில் உவர்நீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலேறக்கூடும் என்பது பழைய கணக்கு. கோடையில் நெடுநேரம் ஒரே மூச்சாக இறைப்பதைவிடச் சிறிது சிறிதாக இறைப்பது நல்லது. டீடீஎஸ் மானி, உரத்திலிருந்து நீரில் சேரும் நைத்திரேற்றைப் பிரித்துக் காட்டாது. குடிநீரில் நைத்திரேற்றுக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டக் காணிகளுக்கு அருகிலுள்ள கிணறானால் ஆய்வுகூடத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொக்குவில் வளவு எழுதியது:

நேற்றுக் குழாயை மேலே இழுத்தோம். புட் வால்வின் மூடிக்கும் இருக்கைக்கும் இடையில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சுண்ணக்கல் துண்டு இறுகியிருந்தது. இறப்பர் விளிம்பு அந்த இடத்தில் பிறை வடிவில் பள்ளமாகியிருந்தது. புதிய வால்வு பூட்டி, தாங்கிக்குள் நீட்டிய துண்டையும் வெட்டியாயிற்று. இரவு முழுவதும் 95இல் நின்ற மட்டம் காலை ஐந்தரைக்கு மனைவி முகம் கழுவியபோதுதான் 94 ஆனது. நிரலைப் பெறாமகன் இந்த வார இறுதியில் மாற்றுகிறார். அதுவரை சுவிட்சைக் கையால் போட்டுக்கொள்கிறோம். கிணற்று நீரின் மாதிரியைத் திங்கட்கிழமை ஆய்வுக்குக் கொடுக்கவிருக்கிறேன்.