நாற்பது பிள்ளைகள், நாற்பதும் ஒரே மலை

கேள்வி: மதுரை ஒத்தக்கடை பக்கம் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஓவியம் எடுக்கிறேன். எதை வரையச் சொன்னாலும் முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை மரம். நாற்பது பிள்ளைகளும் இதேதான். எப்படி மாற்றுவது?

பதில் 1: ஜன்னலைத் திறங்க டீச்சர், யானைமலை எதிரிலேயே படுத்திருக்கிறதே! அதில் முக்கோணம் எங்கே இருக்கிறது? துதிக்கை எங்கே இறங்குகிறது, முதுகு எங்கே வளைகிறது என்று பார்த்துப் பார்த்து, தாளைக் குனிந்து பார்க்காமலே ஒரே கோட்டில் வரையச் சொல்லுங்கள். கோணலாகத்தான் வரும், வரட்டும்.

பதில் 2: முதலில் ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். என் வகுப்பில் பாதி நேரம் அழிப்பதிலேயே போனது. அப்புறம் கரித்துண்டு, பழைய செய்தித்தாள் போதும், செலவே இல்லை (சட்டைக் கரிக்கு அம்மாக்களிடம் திட்டு வாங்கியது தனிக்கதை).

பதில் 3: கீழடிப் பானை ஓடுகளில் உள்ள கீறல் குறியீடுகளைக் காட்டினேன். உடைந்த பூந்தொட்டிச் சில்லில் ஆணியால் ஆளுக்கொரு குறி கீறினார்கள். ஆணி மட்டும் கவனம்.

கேள்வி கேட்டவர்: சரி, திங்கட்கிழமை ரப்பர் பறிமுதல். மலைக்கு மொட்டை மாடிதான் ஏற வேண்டும், ஹெச்எம்மிடம் கேட்கிறேன்.