பக்ளிடாக்சலுக்கு முன்பு ஒவ்வாமைத் தடுப்பு ஊசி ஏன்?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கொழும்பில் பக்ளிடாக்சல் ஏற்றுகிறார்கள். முன்கூட்டியே டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தும் ஒவ்வாமைத் தடுப்பு ஊசியும் போட்டார்கள். பிறகு தாதி ஒருவர் கட்டிலருகே நின்று, அம்மாவின் முகம் சிவக்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஒவ்வாமை அச்சம் மருந்தினாலா, அதைக் கரைத்துவைக்கும் கரைப்பானினாலா?

மருந்தாளர்:
பெரும்பாலும் கரைப்பானினால்தான். பக்ளிடாக்சல் நீரில் கரைவதே இல்லை எனலாம். ஆகவே ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் கிரெமஃபோர் இ.எல். என்பதையும் மதுசாரத்தையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து, மில்லிலீற்றருக்கு 6 மில்லிகிராம் வீதம் அதில் கரைக்கிறார்கள். அந்தக் கிரெமஃபோர் ஒவ்வாமையைத் தூண்டுவதோடு, சாதாரண பி.வி.சி. பையிலிருந்து பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் சேர்மத்தையும் கரைத்தெடுத்துவிடும். கண்ணாடிப் போத்தலைக் கண்டிருப்பீர்கள், காரணம் இதுவே. சேலைனில் நீர்த்தபின் மருந்து துகளாகப் பிரியக்கூடும் என்பதால், குழாயில் 0.22 மைக்ரோன் வடிகட்டியும் வேண்டும்.

தெகிவளை வாசகர்:
அல்புமின் புரதத்துடன் பிணைத்த, சுமார் 130 நனோமீற்றர் துகள்களாலான பக்ளிடாக்சல் வடிவம் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் கிரெமஃபோர் இல்லை. 3 மணி நேரத்துக்குப் பதிலாக 30 நிமிடத்தில் ஏற்றலாம்.

மருந்தாளர்:
உண்மை. ஆனால் அளவு வேறு: மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, உடற்பரப்பின் சதுர மீற்றருக்குப் பழையது 175 மில்லிகிராம், புதியது 260. ஒன்றை மற்றதன் இடத்தில் அப்படியே கொடுக்கவே கூடாது.