புதுப்பிப்பு: பிரெஞ்சில் எத்ர் எங்கே, அவுவார் எங்கே? தெளிவு கிடைத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: மோன்தே (ஏறு, ஏற்று) என்ற ஒரே வினை, பஸே கொம்போஸே என்ற இறந்தகாலத்தில் சில இடத்தில் எத்ர் (‘இரு’ என்ற பொருள்) என்ற துணைவினையுடனும் சில இடத்தில் அவுவார் (‘வைத்திரு’ என்ற பொருள்) என்ற துணைவினையுடனும் வருவது ஏன்?

‘நகர்வைக் காட்டும் வினை என்றால் எத்ர்’ என்ற ஆலோசனை பாதி தூரம்தான் கைகொடுத்தது, ஏனென்றால் நடப்பதும் (மார்ஷே) ஓடுவதும் (கூரீர்) நகர்வுதான், ஆனால் இரண்டுக்கும் அவுவார். உண்மையில் உதவியது, தமிழில் தன்வினையா பிறவினையா என்று பார்க்கச் சொன்ன பதில். ஏறினேன் என்றால் எத்ருடன் ‘ஜெ சுயி மோன்தே’, பெட்டியை மேலே ஏற்றினேன் என்றால் அவுவாருடன் ‘ஜே மோன்தே லா வலீஸ்’. இறங்கு, இறக்கு என்ற ஜோடி தெசாந்த்ருக்கு அப்படியே பொருந்துகிறது. அருமையான வழி!

எதிர்பாராதது படிக்கட்டு. தமிழில் படி ஏறினேன் என்றுதான் சொல்வோம், ஆனாலும் பிரெஞ்சில் ‘ஜே மோன்தே லெஸ்காலியே’, அவுவார்தான், அங்கே படிக்கட்டு செயப்படுபொருள். அதனால் சந்தேகம் வந்தால் முன்னிடைச்சொல் (பெயருக்கு முன்னால் வரும், நம் ‘இல்’, ‘க்கு’ போன்ற சொல்) இல்லாத செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவுவார். சொர்த்தீர் (வெளியே போ), ரான்த்ரே (வீடு திரும்பு), ரெத்தூர்னே (திரும்பிப் போ), பஸே (கடந்து போ, நேரம் கழி) எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பஸேயை வைத்து லியோனில் ஒரு வாரம் கழித்தேன் என்று சொல்வதும் அவுவாரில்தான் வரும், ஒரு வாரம் என்பது அங்கே செயப்படுபொருள்.

அப்புறம், எத்ர் வரும்போது எழுவாய் பெண்பால் என்றால் வினையின் முடிவில் ஓர் எழுத்து கூடும். மோன்தேயில் அது காதில் விழாது, எழுதும்போதுதான் கவனிக்க வேண்டும்.