எரிமலைப் பூங்காவில் தன்னார்வப் பணி முடிகிறது: புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை எவை?

கேள்வி: ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவில், கிலாவேயா எரிமலையின் உச்சியை ஒட்டிய மழைக்காட்டில், அயல்நிலத்திலிருந்து வந்து மண்டிய இமாலய இஞ்சிச் செடிகளை வெட்டி அகற்றும் என் பணி இவ்வாரம் நிறைவடைகிறது, நினைவாக ஒரு சிறு எரிமலைக் கல்லை எடுத்துச் செல்லலாமா?

மறுமொழி 1: வேண்டாம், நண்பரே. பூங்காவிலிருந்து கற்களை எடுப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது; மேலும் ஹவாய் மக்களுக்கு அது எரிமலைத் தெய்வமான பெலே உறையும் நிலம்.

மறுமொழி 2: காலணிகளை மறவாதீர்கள். ஹவாய் மண்ணுக்கே உரிய ஓஹியா மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை மண்ணோடு ஒட்டிப் பரவக்கூடும் என்பதால், அடிப்பக்கத்துப் பள்ளங்களில் உறைந்த சேற்றைத் தூரிகையால் முற்றிலும் தேய்த்து நீக்கி, 70% ஆல்கஹாலைத் தெளித்து உலரவிடுங்கள். வெட்டுக்கருவிகளுக்கும் இதுவே முறை.

கேட்டவர்: மிக்க நன்றி. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.