மெழுகுவத்தி, டம்ளர், அஞ்சுல ஒரு பங்கு: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

பவானிக்கரை:
கோபிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி. அதே பழைய மெழுகுவத்திதானுங்க: தட்டுத் தண்ணியில எரியற மெழுகுவத்தியை வெச்சு டம்ளரைக் கவுத்தா, அது அணைஞ்சு தண்ணி உள்ள ஏறும். "ஆக்சிஜன் அஞ்சுல ஒரு பங்கு தீர்ந்தது"ன்னு அட்டை. ஒரு ஏழாவது புள்ள கேட்டுச்சு: "ரெண்டு மெழுகுவத்தி வெச்சா ஏனுங் சார் தண்ணி இன்னும் மேல ஏறுது? ஆக்சிஜன் அதே அளவுதானுங்களே?" சார் ஒண்ணை ஊதி அணைச்சுட்டு, "ஒண்ணு போதும் கண்ணு"ன்னுட்டார்.

சென்னிமலை:
புள்ள கேட்டதுல தப்பே இல்லீங்க. டம்ளரைக் கவுக்கறப்பவே உள்காத்து சூடேறி விரியுது, விளிம்புல குமிழி போறது கண்ணுக்கே தெரியும். அணைஞ்சு ஆறுனதும் தண்ணி ஏறுது. ரெண்டு மெழுகுவத்தின்னா சூடு அதிகம், ஏத்தமும் அதிகம். ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்குனாலே சுடர் அணைஞ்சுரும். செலவானதுக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடும் சேருது.

அவிநாசி ரோடு:
காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம்தானே, கிட்டத்தட்ட சரியா வருதே. பெருசு பண்ணணுமா?

சென்னிமலை:
பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே, காத்துல இருக்கற ஆக்சிஜனைப் பிடிக்கப் பாதரசத்தை 12 நாள் காய்ச்சியும் 50 கன அங்குலக் காத்துல 42, 43 மிஞ்சுச்சு. குறைஞ்சது ஆறுல ஒரு பங்குதான். வந்ததை வந்தபடி எழுதுனார். 1774ல இங்கிலாந்து விஞ்ஞானி பிரீஸ்ட்லியும் அதே ஆக்சிஜனைப் பிடிச்சு, 'ஃபிளாஜிஸ்டன் (எரியறப்ப வெளியேறும்னு அப்ப நம்புன பொருள்) நீங்கின காத்து'ன்னார். ஒரே வாயு, ரெண்டு விளக்கம். நம்ம அட்டையில விடையை எழுதிட்டுத்தான் மெழுகுவத்தியையே பத்த வைக்கறோம்.

கணபதி பட்டறை:
யாரும் கேக்கலைதான், இருந்தாலும் சொல்லிடறேன். மெழுகுவத்தியை விடுங்க, இரும்பைத் துருப்பிடிக்க விடுங்க. ஸ்டீல் வூல் (மெல்லிய இரும்பு நார்) 2 கிராம் வினிகர்ல ஒரு நிமிஷம் நனைச்சு நல்லா உதறுங்க (ஈரம் மிஞ்சுனா அமிலத்துல ஹைட்ரஜன் வந்து கணக்கு கெடும்). 15 செ.மீ. டெஸ்ட் டியூப் அடியில திணிச்சு, தண்ணியில கவுத்து ஒரு நாள் விடுங்க. சுமார் 3 செ.மீ. ஏறும், அப்புறம் நின்னுரும். அளக்கறப்ப உள்தண்ணியும் வெளித்தண்ணியும் ஒரே மட்டத்துல இருக்கோணும், முந்தின நாள் அளந்த அதே நேரத்துல அளக்கோணும். வெப்பம் 3 டிகிரி மாறுனாலே காத்தோட அளவு 1 சதவீதம் தள்ளும். ஸ்டீல் வூலுக்குப் பதிலா லேத்துல கடைஞ்ச இரும்புச் சீவல்னா கட்டிங் ஆயிலைச் சோப்புல கழுவிருங்க, எண்ணெய் இருந்தா துரு ஏறாது.

பவானிக்கரை:
பாத்திரம் தேய்க்கிற நார் ஆகுங்களா?

கணபதி பட்டறை:
எவர்சில்வர் நார்னா ஆகாதுங்க. காந்தத்தையும் நம்பாதீங்க, சில எவர்சில்வரும் ஒட்டும். ஒரு துண்டை நனைச்சு ராத்திரி வெளியில போடுங்க, காலையில செவந்திருந்தா எடுத்துக்குங்க.