1940களின் ஜம்பர் பட்டர்ன் ஒண்டு கிடைச்சிருக்கு, இப்ப எப்படிப் பின்னலாம்?

உவர்மலை_நூல்:
வணக்கம். அம்மம்மாட பெட்டிக்குள்ள இங்கிலீஷ் பத்திரிகையில இருந்து கிழிச்ச ரெண்டு பக்கம் இருந்தது, பொம்பிளையள் போடுற அரைக்கை ஜம்பர் (ஊசியால பின்னுற மேற்சட்டை) பின்னுற செய்முறை, முன்பக்கம் முழுக்க இலை மாதிரி ஓட்டை வேலை. படத்தில தோளும் தலைமுடியும் பாத்தா யுத்தகாலத்துப் பட்டர்ன் எண்டு தெரியுது. 3 பிளை (நூலின்ர தடிப்பு) வூல் 5 அவுன்ஸ், 12ம் 10ம் நம்பர் ஊசி, நெஞ்சளவு 34 மட்டும்தான் போட்டிருக்கு, எனக்கு 38 வேணும். டவுன் கடையில மில்லிமீட்டர் ஊசிதான் இருக்கு, நூலும் கொட்டன் 4 பிளைதான் கிடைக்கும், திருகோணமலை வெயிலுக்கு வூல் போடவும் ஏலாது. ஆனா உருவம் அந்தக் காலத்து மாதிரியே வரோணும் எண்டு சரியான ஆசை. எங்க தொடங்கலாம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நிலாவெளி_அக்கா:
தங்கச்சி, அந்தத் தாளைப் பத்திரமா வை, முதல்ல படம் எடுத்து வச்சிட்டு அதுல கோடு போடு. பழைய பிரிட்டிஷ் ஊசி நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு, 10 எண்டா 3.25 மில்லிமீட்டர், 12 எண்டா 2.75 எடு. அமெரிக்க நம்பர் இதுக்கு நேர்மாறு, அந்த அட்டவணையைப் பாத்துக் குழம்பாத. ஊசியை விட முக்கியம் டென்ஷன், ஒரு இஞ்சிக்கு எத்தினை ஸ்டிச் (பின்னல் கண்ணி) எண்டு தாள்ல எங்கயாவது இருக்கும், 19ம் நூற்றாண்டுப் பட்டர்ன்களில கனக்க அது இருக்காது ஆனா 40களில வந்ததுகளில அனேகமா இருக்கும். அதைப் பாத்துச் சொல்லு, முன்பக்கத்தில கை வெட்டுக்கு முதல் எத்தினை ஸ்டிச் நிக்குது எண்டும் சொல்லு.

உவர்மலை_நூல்:
இருக்கு அக்கா! இஞ்சிக்கு 8 ஸ்டிச். முன்னுக்கு 136, பின்னுக்கும் 136.

நிலாவெளி_அக்கா:
அப்ப 272ஐ 8ஆல பிரி, சரியா 34 இஞ்சி. உடம்போட ஒட்டித்தான் அந்தக் காலத்தில பின்னினவை, இப்பத்த மாதிரி தொளதொளப்பு இல்ல, உனக்கு வேணுமெண்ட உருவத்தின்ர பாதி அதுதான். இப்ப நல்ல விஷயம் ஒண்டு சொல்லுறன், 4 பிளை நூல் 3.25 ஊசியில அனேகமா இஞ்சிக்கு 7 ஸ்டிச் வரும், அப்ப அதே 272ஐ 7ஆல பிரிச்சா 38.9, ஓரம் மூட்டேக்க கொஞ்சம் உள்ள போகும், உன்ர 38 தானா வந்திடும். இலை வேலையில ஒரு ஸ்டிச்சையும் மாத்தத் தேவையில்ல! உயரத்தை மட்டும் வரிசை எண்ணாம இஞ்சியில அள, இல்லாட்டி கைக்குழி இடுப்பு வரை இறங்கிடும். சாம்பிள் துண்டு அஞ்சு இஞ்சிச் சதுரமாவது பின்னி, கழுவிக் காயவிட்டு அள, கழுவாமல் அளக்கிறதை நான் ஒருநாளும் நம்பமாட்டன்.

கொட்டியாரம்_பின்னல்:
அக்கா சொன்ன கணக்கு அருமை. நீளத்தைப் பற்றி ஒரு விஷயம், அந்தக் காலத்து ஜம்பர் இடுப்போட நிண்டிடும், ஏனெண்டா பாவாடை இடுப்புக்கு மேல ஏறி நிண்டது. கட்டை எண்டு நினைச்சு நாலு இஞ்சி கூட்டிப் பின்னினா அழகே போயிடும், தயவுசெய்து கூட்டாதேங்கோ. பிரிட்டனில 1941 ஜூனில உடுப்புக்கு ரேஷன் கூப்பன் வந்தது, பின்னல் வூலுக்கும் கூப்பன்தான், பழைய ஜம்பரைப் பிரிச்சு நூலை நனைச்சுத் தொங்கவிட்டு நிமித்தித் திருப்பிப் பின்னினவை, அப்ப நூல் மிச்சப்படுத்துற வெட்டு எண்டும் இதைப் பாக்கலாம். எங்கட ஊரில பிரிட்டிஷ் நேவி 57 வரைக்கும் இருந்தது, அதால இப்படி ஒரு தாள் எங்கட வீட்டுப் பெட்டிக்குள்ள கிடக்கிறது எனக்கு ஆச்சரியமில்ல.

ஓட்டை வேலையில எம்.1 (ஒரு ஸ்டிச் கூட்டுறது) எண்டு இருந்தா கவனம், இப்ப கனபேர் இடையில இருக்கிற நூலைத் தூக்கிப் பின்னுறவை, பழைய லேஸ் பட்டர்னில அனேகமா நூலை ஊசி மேல சுத்துறதுதான், அதுதான் ஓட்டை விழுத்தும்.

உப்புவெளி_தையல்:
கொட்டன் பற்றி நான் சொல்லுறன். கொட்டனுக்கு வூல் மாதிரி இழுத்துச் சுருங்கிற குணம் இல்ல, கனமும் கூட, ரிப் (விளிம்பில வாற இழுபடுற வரிப் பின்னல்) ஒரு கிழமையில தொய்ஞ்சிடும். அதால இடுப்பு ரிப்பை 12க்குப் பதிலா 13ம் நம்பர், அதாவது 2.25 ஊசியில, ஒவ்வொரு நிட் ஸ்டிச்சையும் (நேர்க் கண்ணி) அதின்ர பின்பக்க நூலால எடுத்து முறுக்கிப் பின்னுங்கோ, இறுகி நிக்கும். 5 அவுன்ஸ் எண்டா 142 கிராம், அந்த நிறையை நம்பி கொட்டன் வாங்காதேங்கோ, காணாது. ஒரே சாயத் தொகுதியில கூடவே வாங்குங்கோ, மிஞ்சினா கடை திருப்பி எடுக்குமோ எண்டு முதலே கேளுங்கோ. காயவிடேக்க தொங்கவிடாதேங்கோ, பாயில விரிச்சு நிழல்ல. அம்மம்மாட இரும்பு ஊசி இருந்தா கடல்காத்துக்குக் கறள் பிடிச்சிருக்கும், வெள்ளைக் கொட்டனில அந்தக் கறை போகாது, புது ஊசி எடுங்கோ.

உவர்மலை_நூல்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. தோள்ல மூண்டு பொத்தான் வைக்கச் சொல்லியிருக்கு, அதையும் அப்படியே செய்யப்போறன். பின்பக்கம் வெறும் ஸ்டொக்கிங் ஸ்டிச் (ஓட்டை இல்லாத சாதாரணப் பின்னல்) தான், அதை முதல்ல தொடங்கட்டோ?

நிலாவெளி_அக்கா:
ஓம், பின்பக்கத்தையே தொடங்கு. நாலு இஞ்சி ஏறினவுடனே திருப்பி அள, இஞ்சிக்கு 7 ஸ்டிச்சுக்கு மேல போகுதெண்டா 3.5 ஊசிக்கு மாறு.