புதுப்பிப்பு: 2014, 2024 விதிகளைக் கலந்து ஆடலாமா? ஆடலாம்

எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டு) குழுவில் ஒருவர் 2014 விதிகளுக்கான பழைய ட்வைலைட் டொமைன் கிளெரிக்கை (கிளெரிக் என்ற பூசாரி வகுப்பின் ஒரு துணைவகுப்பு) விடமாட்டேன் என்கிறார், மற்றவர்கள் புதிய 2024 விதிகளில் பாத்திரம் உருவாக்கிவிட்டார்கள், எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“அடிப்படை வகுப்பு (பாத்திரத்தின் தொழில்வகை) புதியது, துணைவகுப்பு மட்டும் பழையது” என்ற யோசனைதான் கைகொடுத்தது. பழைய விதியில் 1ஆம் நிலையிலேயே வரும் டொமைன் (கிளெரிக்கின் துணைவகுப்பு) திறன்கள் இப்போது 3ஆம் நிலையில்தான் வரும். அதுவரை கனமான கவசத்துக்கு என்ன செய்வது? புதிய கிளெரிக் 1ஆம் நிலையிலேயே ‘புரொடெக்டர்’ தேர்வை எடுத்தால் அது கிடைத்துவிடுகிறது. ஆனால் 3ஆம் நிலையில் டொமைன் தரும் அதே கவசப் பயிற்சி அப்புறம் வீண். அவருக்கு அதில் வருத்தமில்லை.

பழைய புத்தகத்து இனம் என்றால் அது தரும் பண்பு மதிப்பு (வலிமை, அறிவு போன்றவற்றின் எண்) உயர்வை எடுக்கக்கூடாது. அது இப்போது பாத்திரத்தின் பின்னணியிலிருந்துதான் (முன்பு செய்த தொழில் போன்றது) வருகிறது. இரண்டையும் சேர்த்தால் பாத்திரம் அளவுக்கு மீறிப் பலமாகிவிடும்.

எதிர்பாராத சிக்கல் வந்தது பாலடினிடம் (புனிதப் போர்வீரர் வகுப்பு). அவருடைய டிவைன் ஸ்மைட் (அடி விழுந்ததும் கூடுதல் சேதம் தரும் திறன்) இப்போது ஒரு மந்திரம், போனஸ் ஆக்‌ஷன் (ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் சிறு செயல்) வேண்டும். எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் (மற்றவர் மந்திரத்தை முறிக்கும் மந்திரம்) போட்டு அதைத் தடுத்தபோது மேசையில் பெரிய வாக்குவாதம். விதிப்படி அது சரிதான்.

2014 அரக்கர்களை அப்படியே பயன்படுத்துகிறேன். புதிய பாத்திரங்கள் கொஞ்சம் பலமானவை என்பதால் எண்ணிக்கையை மட்டும் கூட்டுகிறேன்.